டிப்ளமா இல்லாத வனத்துறை

நான் படித்த கல்லூரியில் வாசலுக்கு இடப்பக்கம் ஒரு குழி உண்டு. உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5-ம் தேதி ஒவ்வொரு ஆண்டும் சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்து அதில் ஒரு வேப்பங்கன்றை நடுவார். போட்டோ எடுப்பார்கள். அப்புறம் எல்லோருக்கும் சமோசா, டீ. அடுத்த ஜூன் வந்ததும் காய்ந்த குச்சியைப் பிடுங்கிவிட்டு அதே குழியைச் சுத்தம் செய்து வைப்பது எங்கள் என்.எஸ்.எஸ். குழுவின் வேலை. நான் இருந்த மூன்று ஆண்டில் மூன்று கன்றுகள் அந்தக் குழியில் போயின. அதே கல்லூரியில்தான் தலைமைப் பண்பு வளர்ப்பு முகாம் என்று இரண்டு நாள் நடத்திச் சான்றிதழும் கொடுத்தார்கள். தலைவருக்குத் தொலைநோக்கு வேண்டும், பேச்சுத்திறன் வேண்டும், எல்லோரையும் அரவணைத்துப் போகத் தெரிய வேண்டும் என்றெல்லாம் சார்ட் பேப்பரில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். அந்தக் குழியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இதே ஜூன் 5-ல், 1977-ம் ஆண்டு, கென்யாவின் தலைநகர் நைரோபியில் ஒரு ஊர்வலம் நடந்தது. நகரின் நடுவில் உள்ள கென்யாட்டா மாநாட்டு மையத்தில் கிளம்பி கமுகுஞ்சி பூங்கா வரை போய், அங்கே 7 மரக்கன்றுகளை நட்டார்கள். வெவ்வேறு சமூகங்களைச் சேர்ந்த பெரியவர்களின் நினைவாக ஆளுக்கொரு மரம். ஏற்பாடு செய்தவர் வங்காரி மாத்தாய். நைரோபிப் பல்கலைக்கழகத்தில் கால்நடை உடற்கூறியல் பாடம் நடத்தியவர். அந்த ஏழில் நிலைத்தவை 2 மட்டுமே. அதற்கு முன்பு அவர் தொடங்கிய ஒரு மரக்கன்று நிறுவனமும் பணமில்லாமல் படுத்துவிட்டிருந்தது. ஆக, அவருடைய தொடக்கமும் எங்கள் கல்லூரிக் குழி மாதிரிதான்.

2004-ல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தபோது அவர் தொடங்கிய பசுமைப் பட்டை (கிரீன் பெல்ட்) இயக்கம் நட்ட மரங்கள் 3 கோடியைத் தாண்டியிருந்தன. நட்டவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். வங்காரியின் துணிச்சலைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது வேறு. ஆயிரக்கணக்கான பெண்களை ஊர்க் காரியத்துக்குப் பொறுப்பேற்கப் பழக்கிய அந்த முறை எப்படி வேலை செய்தது? அதை ஏன் நம் பயிற்சி முகாம்கள் தொடுவதே இல்லை?

விறகில் தொடங்கிய கணக்கு

வங்காரி 1940-ல் கென்யாவின் மத்திய மலைப்பகுதியில், நையேரிக்குப் பக்கத்தில் இஹிதே என்ற கிராமத்தில் பிறந்தார். வீட்டுக்கு அருகில் ஒரு ஓடை. அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்கப் போன சிறுமி, ஓடையோரம் நின்ற சேப்பங்கிழங்குச் செடிகளுக்கு நடுவே விளையாடுவாள். நீரில் சரம் சரமாக மிதந்த தவளை முட்டைகளைப் பாசிமணி என்று நினைத்து, கழுத்தில் போட்டுக்கொள்ள அள்ளப் பார்ப்பாள். விரல் பட்டதும் சரம் அறுந்துபோகும். பக்கத்தில் ஒரு பெரிய அத்தி இன மரம் நின்றது. அது கடவுளின் மரம், அதிலிருந்து சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது என்று அம்மா சொல்லிவைத்திருந்தார். பிற்காலத்தில் அந்த நிலம் கைமாறியது. புதிதாக வந்தவர் தேயிலை பயிரிட மரத்தை வெட்டினார். ஓடையும் வற்றியது. அத்தியின் வேர் ஆழத்தில் இறங்கி நிலத்தடி நீரை மேலே வரவிட்டது, சரிவு மண்ணையும் பிடித்து வைத்தது என்பது படித்து முடித்த பிறகுதான் வங்காரிக்கு விளங்கியது. அம்மா கடவுள் பேரைச் சொல்லிக் காத்ததும் அந்த வேரைத்தான்.

அமெரிக்காவில் பட்டம் படித்துத் திரும்பி, 1971-ல் நைரோபியில் டாக்டர் பட்டம் வாங்கினார். கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்களில் அவர்தான் முதல். அடுத்து மாடுகளுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலைப் பற்றி ஆராய்ச்சி. உண்ணி சேகரிக்கக் கிராமம் கிராமமாகப் போனவர் கண்ணில் பட்டது வேறு விஷயம். மழை பெய்தால் ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. மாட்டைக் கொல்வது உண்ணி மட்டும் இல்லை என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியது.

தேசிய மகளிர் மன்றத்தின் கூட்டங்களில் கிராமத்துப் பெண்கள் சொன்னதும் இதோடு ஒத்துப்போனது. விறகு இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு இல்லை, கையில் காசு இல்லை. நான்கும் ஒரே கயிற்றின் முடிச்சுகள். காப்பியும் தேயிலையும் போட மரங்கள் போயின. மரம் போனதும் விறகு போயிற்று. பயறும் மக்காச்சோளமும் வேக மணிக்கணக்கில் அடுப்பு எரிய வேண்டும். விறகு இல்லாத வீட்டில் சீக்கிரம் வேகிற வெள்ளை மாவுக்கும் அரிசிக்கும் கடை ரொட்டிக்கும் மாறினார்கள். வளமான மலைப்பகுதியில், பணப்பயிர் விளையும் ஊரில், குழந்தைகள் சத்துக்குறைவால் நோஞ்சானாகக் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

சரி, மரம் நடுவோம் என்றார் வங்காரி. கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் இதில் ஒரு கணிப்பு உண்டு. அந்தப் பெண்களின் கைக்கு எட்டிய வேலை அது ஒன்றுதான். தேயிலை விலையை அவர்களால் மாற்ற முடியாது, நிலச் சட்டத்தையும் மாற்ற முடியாது. கன்று வளர்க்க முடியும். சில ஆண்டுகளில் பலனைக் கண்ணால் பார்க்கவும் முடியும்.

உடைந்த பானையும் துளை போட்ட டப்பாவும்

முதலில் வனத்துறையிடம் போனார். கென்யாவில் அப்போது எத்தனை பேர் இருந்தார்களோ ஆளுக்கு ஒன்று வீதம் ஒன்றரைக் கோடி கன்று வேண்டும் என்றார். தலைமை வனப் பாதுகாவலர் சிரித்துவிட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். இந்தப் பெண்கள் எத்தனை கன்று கேட்டுவிடப் போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு வருடம் முடிவதற்குள், இனிமேல் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று அவரே சொல்ல வேண்டிவந்தது. அவ்வளவு பேர் வந்துவிட்டார்கள்.

அப்படியானால் பெண்களே நாற்று வளர்க்கட்டும் என்று முடிவானது. சொல்லிக்கொடுக்க வனத்துறை அதிகாரிகளை அழைத்தார்கள். அவர்கள் வந்து நிலத்தின் சரிவு, வெயில் விழும் கோணம், பாத்தியின் ஆழம், மண்ணில் இருக்க வேண்டிய சரளையின் அளவு, அதற்கென்று உள்ள கருவிகள் என்று வகுப்பெடுத்தார்கள். பெண்களுக்குத் தலை சுற்றியது. தலைமுறை தலைமுறையாகப் பயறும் சோளமும் விதைத்து அறுத்தவர்கள், மரவிதை முளைக்க வைக்கத் தங்களுக்குத் தகுதி இல்லையோ என்று நினைக்கத் தொடங்கினார்கள்.

வங்காரி அந்தப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டார். பெண்களிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: மற்ற விதைகளை எப்படி விதைப்பீர்களோ அப்படியே இதையும் விதையுங்கள், உங்கள் புத்திக்குப் பட்டதைச் செய்யுங்கள். பக்கத்துக் காட்டில் எந்த மரம் தானாக முளைக்கிறது என்று பார்த்து அதன் விதையை எடுத்து வந்தார்கள். உடைந்த பானையில் மண்ணை நிரப்பி, கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் வைத்தார்கள். பூவாளி இல்லாத வீட்டில் தகர டப்பாவின் அடியில் துளை போட்டுக்கொண்டார்கள். கன்று வந்தது. அதிகாரிகளுக்கு இதில் மனத்தாங்கல். படிப்பில்லாத பெண்கள் தங்கள் தொழிலைக் கெடுக்கிறார்கள் என்றார்கள். பெண்களுக்கோ 'டிப்ளமா இல்லாத வனக்காப்பாளர்கள்' என்ற பெயர் நிலைத்தது.

தலைமைப் பயிற்சி இந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது என்பது என் கணிப்பு. எந்த விதையை எங்கே போடுவது என்று முடிவு செய்யும் உரிமையைக் கொடுத்தார்கள். தப்பாகப் போனால் மறுபடி செய்து பார்க்கும் உரிமையும் கூடவே வந்தது. நம் ஊர்த் திட்டங்களில் முதலாவதே கிடைப்பது அபூர்வம். விதை, உரம், மண்புழுத் தொட்டி எல்லாம் பட்டியலோடு மேலே இருந்து வரும். பயனாளி கையெழுத்துப் போட்டால் போதும்.

இலவசமாகக் கன்று கிடைக்காமல் போனதும் ஒரு வகையில் நல்லதாயிற்று. வனத்துறை தாராளமாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருந்தால், அந்தப் பெண்கள் கன்று வாங்கிப் போகிறவர்களாகவே நின்றிருப்பார்கள்.

எண்ணிப் பார்த்த பிறகு காசு

கிரீன் பெல்ட் என்ற பெயர் வந்ததும் வேலையிலிருந்துதான். ஆளுக்கொன்று என்று அங்கொன்று இங்கொன்றாக நடாமல், குறைந்தது ஆயிரம் கன்றுகளை வரிசையாக நட்டு மண்ணின் மேல் பச்சைப் பட்டை கட்டச் சொன்னார்கள். பசுமைப் பட்டை இயக்கம் ஆனது அப்படித்தான்.

அந்த இயக்கத்துக்கென்று 10 படிகள் கொண்ட ஒரு நடைமுறை உருவானது. என்னைக் கேட்டால், பேச்சுகளை எல்லாம் விட இந்தச் சலிப்பூட்டும் நடைமுறைதான் சாதனை. முதலில் ஊரில் பேசுவார்கள். குழு சேரும். நாற்று போடுவார்கள். எத்தனை கன்று தேறியது என்று குழு கணக்குச் சொல்ல வேண்டும். கன்று தயாரானதும் ஊருக்கு அறிவிப்பார்கள், வேண்டுபவர் தன் நிலத்தில் குழி வெட்டி வைக்க வேண்டும். குழுவிலிருந்து ஆள் போய்க் குழியைப் பார்ப்பார். ஒழுங்காக வெட்டியிருந்தால்தான் கன்று கிடைக்கும். நட்ட பிறகும் விடுவதில்லை. மறுபடி போய்ப் பார்ப்பார்கள், சில மாதம் கழித்து இன்னொரு முறையும் போவார்கள். அத்தனைக்கும் பிறகு பிழைத்து நிற்கும் கன்றுகளை எண்ணி, வளர்த்த குழுவுக்குப் பணம் வரும். ஒரு கன்றுக்கு அமெரிக்கக் காசில் 4 சென்ட்.

நான்கு சென்ட் அன்றைக்கும் பெரிய காசில்லை. ஆனால் எதற்காகக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். நட்டதற்கு இல்லை, பிழைத்ததற்கு. எங்கள் கல்லூரிக் குழியில் நட்ட அன்றே கதை முடிந்துவிடும், விருந்தினர் காரில் ஏறிவிடுவார். இங்கே நட்ட அன்றைக்குத்தான் பாதி வேலை ஆகியிருக்கும்.

குழி பார்க்கப் போகிற பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நிலத்துக்காரர் அவளைவிட வயதில் பெரியவராக இருக்கலாம், ஊரில் செல்வாக்கானவராக இருக்கலாம். குழி ஆழம் பத்தாது, இன்னும் வெட்டினால்தான் கன்று தருவோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். சண்டை போடாமல் சொல்ல வேண்டும், சொன்னதில் நிற்கவும் வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே வாசலுக்குப் போய், ஆடு கடித்த கன்றைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்ல வேண்டும். நியாயமாக நடப்பது, கணக்குக் காட்டுவது, பெரிய மனிதரிடம் முடியாது என்று சொல்வது எல்லாம் அந்தக் குழி ஓரத்தில் பழகிய பழக்கங்கள். இரண்டு நாள் முகாமில் இதை எந்தப் பயிற்றுநராலும் ஊட்டிவிட முடியாது.

ஒரு குழு தேறியதும் பக்கத்து ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். 1986-ல் தொடங்கி மூன்று ஆண்டுகளில் 15 ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து 45 பேர் வந்து இதைக் கற்றுப் போனார்கள்.

தப்பான பஸ்

வெறும் நடவோடு நின்றிருந்தால் அது ஒரு நல்ல வனத் திட்டம், அவ்வளவுதான். இயக்கம் இதோடு சேர்த்துக் கிராமங்களில் கருத்தரங்குகள் நடத்தியது, அந்தந்த ஊர்க்காரர்களின் தாய்மொழியில். கென்யாவில் படித்தவர்களின் கூட்டம் என்றால் ஆங்கிலமோ சுவாஹிலியோதான். தாய்மொழியில் கேட்டதும் வாயே திறக்காதவர்கள் பேசினார்கள்.

கருத்தரங்கில் முதல் கேள்வி: உங்கள் ஊரில் என்னென்ன பிரச்சினை? பட்டியல் நீண்டுகொண்டே போகும். அடுத்த கேள்வி: இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் வரும் பதில், அரசாங்கம். அது ஒருபக்கம் உண்மையும்கூட. பொதுக் காடுகளை ஆட்சியாளர்கள் வேண்டியவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்த காலம் அது. ஆனால் வங்காரி அத்தோடு விடமாட்டார். அந்தச் சரிவில் மண் அரிக்கிறதே, அந்த நிலம் யாருடையது? அரசாங்கம் வந்து வரப்பு கட்ட வேண்டாம் என்று தடுத்ததா?

இதை விளக்க அவர் ஒரு பஸ் கதை வைத்திருந்தார். ஒரு ஊருக்குக் கிளம்பியவர் வேறு ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டால் என்ன ஆகும்? பசி, அலைச்சல், தெரியாத ஊர், திருட்டு பயம். சரி, ஏன் தப்பான பஸ்ஸில் ஏறினார்? கூட்டத்தில் பதில்கள் குவியும். போர்டு படிக்கத் தெரியாது. யாரோ தப்பாகக் கைகாட்டிவிட்டார்கள். குடித்திருந்தார். தூக்கக் கலக்கம். கண்டக்டரிடம் கேட்கப் பயம். கேட்டால் கௌரவக் குறைச்சல் என்ற நினைப்பு. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் நடுராத்திரி நின்றவர்களுக்கு இதில் ஒன்றுகூடப் புதிதாக இருக்காது. பட்டியல் முடிந்ததும் கூட்டத்துக்கே புரிந்துவிடும், பேச்சு பஸ்ஸைப் பற்றியது இல்லை என்று. நம் ஊரும் நாடும் எந்த பஸ்ஸில் போகின்றன, எங்கே இறங்கி மாறுவது என்ற பேச்சு அப்புறம் தானாக வரும்.

இந்த இடத்தில் நானே ஒரு ஆட்சேபம் எழுப்பிக்கொள்ள வேண்டும். தவறு உன்னிடமும் இருக்கிறது என்று ஏழையிடம் சொல்வது ஆபத்தான காரியம். பெரிய கம்பெனி காட்டை அழிக்கும், நீ பிளாஸ்டிக் பையைக் குறைத்துக்கொள் என்று நமக்குப் பாடம் எடுப்பார்களே, அந்த ரகத்தில் போய் முடியலாம். வங்காரி அந்தப் பள்ளத்தில் விழாததற்குக் காரணம், அவர் இரண்டு முனையிலும் நின்றார் என்பதுதான். மக்களிடம் உங்கள் வரப்பு எங்கே என்று கேட்டவர், அதிபரிடம் எங்கள் பூங்கா எங்கே என்றும் கேட்டார்.

பூங்காவும் காடும்

1989-ல் நைரோபியின் நடுவில் உள்ள உஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் ஒன்றும், அதிபர் டேனியல் அரப் மோய்க்குச் சிலையும் எழுப்பத் திட்டம் போட்டார்கள். ஆளுங்கட்சி அலுவலகம், கட்சிப் பத்திரிகை, கடைகள், 2,000 கார் நிறுத்துமிடம் எல்லாம் அதில் அடக்கம். அந்த நகரத்தில் ஏழை எளியவர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் உட்காரும் புல்வெளி அது. வங்காரி கடிதம் எழுதத் தொடங்கினார். அதிபர் அலுவலகம், மாநகராட்சி, ஐ.நா. அமைப்புகள், பிரிட்டிஷ் தூதர் என்று ஒருவரையும் விடவில்லை. லண்டன் ஹைட் பார்க்கில் இப்படி ஒரு கட்டடம் கட்ட விடுவீர்களா என்று கேட்டார்.

நாடாளுமன்றம் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அவரைத் திட்டியது. அவருடைய இயக்கத்தை விவாகரத்தானவர்களின் கூட்டம் என்றார்கள். அவர் விவாகரத்தானவர்தான். கணவர் தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றபோது, மாத்தாய் என்பதில் ஆங்கில எழுத்தில் இன்னொரு 'ஏ' சேர்த்துத் தன் பெயராக்கிக்கொண்டவர். ஆப்பிரிக்கப் பெண் என்றால் ஆண்களுக்கு மரியாதை கொடுத்து அமைதியாக இருக்க வேண்டும் என்றார் அதிபர். கட்டடத்தைத் தடுக்க வங்காரி போட்ட வழக்குத் தள்ளுபடியானது. இயக்கத்தை அரசுக் கட்டடத்திலிருந்து காலி செய்யச் சொல்ல, அலுவலகம் மொத்தமும் அவர் வீட்டுக்குள் வந்தது. ஆனால் சத்தம் வெளிநாடு வரை போய்விட்டது. பணம் போடுவதாக இருந்தவர்கள் பின்வாங்க, 1990 தொடக்கத்தில் திட்டம் நின்றது.

பத்து ஆண்டு கழித்து கரூரா காடு. நகரின் வடக்கு விளிம்பில் இருந்த பொதுக் காட்டை ஆட்சியாளர்களுக்கு வேண்டியவர்களுக்குக் கட்டட மனைகளாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். 1999 ஜனவரி 8 அன்று வங்காரியும் ஆதரவாளர்களும் அங்கே மரம் நடப் போனபோது கூலியாட்கள் அடித்தார்கள். வங்காரிக்குத் தலையில் காயம். போலீசில் புகார் கொடுத்தபோது தன் தலையிலிருந்து வழிந்த ரத்தத்தைத் தொட்டே கையெழுத்திட்டார். அந்த ஆகஸ்டில் பொது நிலம் ஒதுக்குவதை நிறுத்துவதாக மோய் அறிவித்தார். கரூரா இன்றும் காடாக இருக்கிறது.

இந்தப் போராட்டங்களைத் தனி ஒருத்தியின் வீரமாகச் சொல்வது வழக்கம். அது பாதிதான். அலுவலகத்தை இழந்த பிறகும் கிராமத்து நாற்றங்கால்கள் தண்ணீர் வாங்கிக்கொண்டுதான் இருந்தன, குழி பார்க்கும் பெண்கள் குழி பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தலைநகரில் தலைவரை அடித்தாலும் அந்தக் கன்றுகளைப் பிடுங்க ஒரு அதிகாரியால் முடியாது. அவை யார் யார் வீட்டுக் கொல்லையிலோ நின்றன.

குறைகளும் இருந்தன. பணத்துக்கு இயக்கம் பெரிதும் வெளிநாட்டையே நம்பியிருந்தது. 1980-களின் தொடக்கத்தில் நார்வே வனச் சங்கமும் ஐ.நா.வின் பெண்களுக்கான நிதியும் கைகொடுக்காமல் போயிருந்தால் இத்தனை ஊருக்குப் பரவியிருக்காது. அன்றைக்கு வங்காரிக்கே வேலை இல்லை. தேர்தலில் நிற்கப் பல்கலைக்கழக வேலையை விட்டார், மனுவைத் தள்ளிவிட்டார்கள், பல்கலைக்கழகம் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை, குடியிருந்த வீடும் போனது. ஒரு இயக்கத்தின் முகமும் அதன் நிதி வாசலும் ஒரே ஆளாக இருப்பது நல்லதில்லை. அடுத்த வரிசையை கிராமத்தில் வளர்த்த அளவுக்குத் தலைமையகத்தில் வளர்த்ததாகத் தெரியவில்லை.

2002 தேர்தலில் தன் தொகுதியில் 98 சதவீத வாக்கு வாங்கி நாடாளுமன்றம் போனார். அடுத்த ஆண்டே சுற்றுச்சூழல் துறையில் துணை அமைச்சர். 2007-ல் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்விலேயே தோற்றார், சின்னக் கட்சி ஒன்றின் சார்பில் நின்று மறுபடியும் தோற்றார். நோபல் பரிசு வாங்கி மூன்றே ஆண்டு.

2011 செப்டம்பர் 25-ல் புற்றுநோயால் இறந்தார். தன்னை மரப்பெட்டியில் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். ஆகாயத்தாமரைத் தண்டும் பாபிரஸ் கோரையும் மூங்கிலும் வைத்துப் பெட்டி பின்னினார்கள். அரசு மரியாதையோடு அஞ்சலி நடந்த இடம் உஹுரு பூங்கா.